பின்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்!

(தலைப்பு: எக்ஸிக்யூட்டிவ் கார் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது முத்திரையா? குடும்பமா? 'குடும்பமே' என்ற அணியில் ஆற்றிய உரை.)



எனக்கு முன்னால் பேசிய தம்பி ரொம்ப அழகாகப் பேசினார். "ஐம்பது லட்சம் போட்டு ஒரு சொகுசுக் கார் வாங்குறதே நாலு பேர் திரும்பிப் பார்க்கத்தானே?" என்று கேட்டார். தம்பி, திரும்பிப் பார்க்கிற நாலு பேரும் அவங்க வேலையைப் பார்க்கப் போயிடுவாங்க. மாசாமாசம் தவணை கட்டுறது நீங்கதானே? (கைதட்டல்)

ஐயா, இந்த எக்ஸிக்யூட்டிவ் கார் ரகம் எங்கே பிறந்தது? பெரும்பாலும் ஜெர்மனியில். 1975-ல் பி.எம்.டபிள்யூ. 3 சீரீஸ் வந்தது. 1982-ல் பென்ஸ் கம்பெனி 190 என்று ஒரு சின்னக் காரைக் கொண்டுவந்தது. அதற்கு 'பேபி பென்ஸ்' என்றே செல்லப் பெயர். அதன் வாரிசுதான் 1993-ல் வந்த சி கிளாஸ். ஆடி ஏ4 கடைக்குட்டி, 1994. மூன்றுமே ஓட்டுகிறவனின் சுகத்தை முதலில் வைத்துச் செய்த கார்கள். அந்த ஊர் மேலாளர் தானே ஓட்டிக்கொண்டு ஆபீஸ் போவார். பின்சீட்டில் யார் இருப்பார்கள்? அவர் கழற்றிப் போட்ட கோட்டு இருக்கும்! (சிரிப்பு) நம்ம வீட்டுப் பின்சீட்டில்? அம்மா, அப்பா, நடுவில் பேரன், அவன் மடியில் புளியோதரைத் தூக்கு!

இந்த பி.எம்.டபிள்யூ., பென்ஸ் கார்களில் எஞ்சின் முன்னால் இருக்கும். வண்டியைத் தள்ளுவது பின் சக்கரம். எஞ்சினின் சக்தியைப் பின்னால் கொண்டுபோகிற தண்டு நடுவில் ஓடுகிறது. அதனால் பின்சீட்டின் நடுவில், கால் வைக்கிற இடத்தில் ஒரு மேடு. அங்கே உட்காருகிறவன் ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் தவளை மாதிரிதான் உட்கார வேண்டும். ஐந்து பேர் போகலாம் என்று காகிதம் சொல்கிறது. அந்த ஐந்தாவது ஆளைக் கேட்டுப் பாருங்கள்!

சரி, முத்திரை முத்திரை என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். ஜெர்மனியில் ஒரு வழக்கம் உண்டு. காருக்கு ஆர்டர் கொடுக்கும்போதே, "டிக்கியில் மாடல் எண்ணை ஒட்டாமல் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கலாம். நிறையப் பேர் அப்படியே வாங்குகிறார்கள். செய்கிற ஊர்க்காரன் எண்ணை எடுத்துவிடு என்கிறான். நம்ம ஆள் கடைக்குப் போய், இல்லாத எண்ணை வாங்கி ஒட்டுகிறான்! (சிரிப்பு, கைதட்டல்)

அந்த எண்ணாவது உண்மை சொல்கிறதா? 2022-ல் இந்தியாவுக்கு வந்த புதிய சி 200-ன் எஞ்சின் ஒன்றரை லிட்டர்தான். 2019-ல் இங்கே வந்த 3 சீரீஸில் 330ஐ என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருந்தது இரண்டு லிட்டர் எஞ்சின். ஒருகாலத்தில் எண்ணைப் பார்த்து எஞ்சினைச் சொன்னார்கள். இப்போது எண்ணைப் பார்த்தால் விலையைத்தான் சொல்ல முடியும்!

எதிரணியினரே, நீங்கள் கொண்டாடுகிற கம்பெனியே எங்கள் கட்சிக்கு வந்துவிட்டது, தெரியுமா? 2021-ல் பி.எம்.டபிள்யூ. 3 சீரீஸை நீளமாக்கி 'கிரான் லிமோசின்' என்று இந்தியாவில் இறக்கினார்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் 110 மில்லிமீட்டர் கூடுதல். 2007-ல் சென்னைக்குப் பக்கத்தில் தொடங்கிய அவர்கள் தொழிற்சாலையிலேயே அது தயாரானது. அரைச் சாண் நீளம் எதற்காக? முத்திரை பெரிசாகவா? இல்லை ஐயா! பின்னால் உட்காருகிறவர் கால் நீட்ட! கம்பெனிக்காரனுக்கே புரிந்தது, எங்கள் தம்பிக்குப் புரியவில்லை. (கைதட்டல்)

அதனால் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். குடும்பத்தோடு ஷோரூமுக்குப் போங்கள். முதலில் ஓட்டுகிறவர் தனக்கு வேண்டிய மாதிரி சீட்டைத் தள்ளிக்கொள்ளட்டும். அப்புறம் அவருக்குப் பின்னால் நீங்கள் உட்காருங்கள். முழங்கால் இடிக்கிறதா பாருங்கள். நாலு பேர் ஏறிக்கொண்டு, உங்கள் தெரு ஸ்பீடு பிரேக்கரில் ஒரு தடவை ஏற்றி இறக்குங்கள். அடி வயிறு உரசினால் சத்தம் கேட்கும். ஸ்டெப்னி இருக்கிறதா என்று கேளுங்கள். சில கார்களில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் ஆனாலும் ஓடுகிற டயர் போட்டிருப்பார்கள். அதுவும் பொதுவாக 80 கிலோமீட்டர் வேகத்துக்குள், 80 கிலோமீட்டர் தூரம்தான் தாங்கும். விளம்பர விலையை நம்பாதீர்கள்; வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ரோட்டுக்கு வருகிற விலையைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2023-ல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரியே 20 சதவீதமாக ஆனது.

இன்னொன்று. பின்சீட்டில் மூன்று பேருக்கும் பெல்ட் இருக்கிறதா, அம்மா கையால் அதை எளிதாகப் போட முடிகிறதா என்று பாருங்கள். 2022 செப்டம்பரில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தார். முன்னால் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின்னால் இருந்த இருவரும் போய்விட்டார்கள். அந்த இருவரும் பெல்ட் போடவில்லை என்று போலீசார் சொன்னார்கள். அது விலை உயர்ந்த கார்தான் ஐயா. முத்திரை வந்து பெல்ட்டை மாட்டிவிடாது.

கடைசியாக என் வீட்டுக் கதை. என் வீட்டுக்காரர் இப்படி ஒரு காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். கம்பெனி பேர் வேண்டாம். பார்க்கப் போகும்போது, "அத்தையையும் கூட்டிட்டுப் போகலாமே" என்றேன். "அம்மாவா ஓட்டப் போறாங்க?" என்று கேட்டார்.

முதல் நாள் கோயிலுக்குப் போனோம். தாழ்வான சீட்டு. அத்தை உட்கார்ந்துவிட்டார்கள், எழுந்திருக்க முடியவில்லை. கோயில் வாசலில், பூக்காரம்மா பார்க்க, ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். அத்தை சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். அதற்கப்புறம் எங்கே கூப்பிட்டாலும், "முழங்கால் வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க" என்பார்கள். நாங்களும் நம்பினோம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தேன். தெருமுனையில் அத்தை தனியாக ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். "அத்தை, கால் வலிக்கலையா?" என்றேன். அவர்கள் சொன்னார்கள்: "ஆட்டோவுல நானா ஏறுறேன், நானா இறங்குறேம்மா. கார்ல என்னை மூட்டை மாதிரி இழுக்க வேண்டியிருக்கு. அவன் ஆசைப்பட்டு வாங்கியிருக்கான். அவன்கிட்ட சொல்லிடாதே."

நான் சொல்லிவிட்டேன் ஐயா. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. அந்தக் காரை நஷ்டத்துக்குத்தான் விற்றோம். இப்போது எங்களிடம் இருப்பதும் டிக்கி வைத்த கார்தான். ஆனால் அத்தை மூன்று முறை தானே ஏறி, தானே இறங்கி, "இது சரி" என்று சொன்ன பிறகுதான் முன்பணம் கட்டினோம்.

காரின் முகத்தில் இருக்கிற முத்திரையை ஊர் பார்க்கும். கண்ணாடியில் தெரிகிற பின்சீட்டு முகங்களை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அந்த முகங்கள் சிரிக்கிற காரை வாங்குங்கள் என்று கேட்டு, குடும்பத்துக்கே தீர்ப்பு வழங்குமாறு நடுவர் ஐயாவை வேண்டி விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)