சலவை யந்திரமும் செஞ்சியின் நீரும்



செஞ்சிக் கோட்டைக்குச் சென்று வந்தவர்கள் அங்கே கல்யாண மகாலைக் கண்டிருப்பீர்கள். அடுக்கடுக்காய் உயர்ந்து, உச்சியில் கூம்பிய கூரையோடு நிற்கும் அந்தக் கட்டடத்தின் மேல்மாடிகளுக்கு, கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்த நீர்த்தேக்கம் ஒன்றிலிருந்து மண்குழாய் வழியாகத் தண்ணீர் ஏறிற்று என்று தென்னார்க்காட்டு வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். அந்நாளில் மின்சாரமும் இல்லை, பம்பும் இல்லை. நீர் தன் மட்டத்தைத் தானே தேடிச் செல்லும் என்ற ஓர் உண்மையே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. 2025ஆம் ஆண்டு ஜூலையில், மராட்டியரோடு தொடர்புடைய பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இக்கோட்டை இடம்பெற்றது. ஆனால் நான் இன்று கோட்டையைப் பற்றிப் பேச வரவில்லை. அதன் அடிவாரத்து வீடுகளில், மேற்புறம் மூடி திறக்கும் சலவை யந்திரம் ஏன் அடிக்கடி முரண்டு பிடிக்கிறது, அதை எப்படிப் பேணுவது என்பதே என் பொருள்.

இது செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் மலையேறிவிட்டது. 1980களின் பிற்பகுதியில் டி.வி.எஸ். குழுமமும் வேர்ல்பூல் நிறுவனமும் கூட்டாக நம் அண்டை ஊராகிய புதுச்சேரியிலேயே இத்தொழிலைத் தொடங்கின. இன்று தவணையில் வாங்கியேனும் பல வீடுகளில் இதை வைத்திருக்கிறார்கள். கல்லில் துணி அடித்து இடுப்பொடிந்த தாய்மார்களுக்கு வாரத்தில் சில மணி நேர ஓய்வை அது தருகிறது. அது பழுதானால் அந்த ஓய்வு போய்விடுகிறது. பழுது பார்க்கும் கூலியும் சேருகிறது. ஆகவே வீட்டில் படித்த பிள்ளை ஒருவன் அல்லது ஒருத்தி அதன் உள்ளமைப்பை அறிந்திருப்பது நல்லது.

முதலில் தண்ணீர். "யந்திரம் ஓடுகிறது, ஆனால் நீர் நிரம்பவில்லை" என்பதுதான் நான் அதிகமாகக் கேட்ட குறை. யந்திரத்தின் பின்புறம் நீர் நுழையும் வாயில் ஒரு மின்வால்வு இருக்கிறது. அதனுள்ளே மெல்லிய ரப்பர்த் தகடு ஒன்று உண்டு. மின்காந்தம் அந்தத் தகட்டை நேராகத் தூக்கிவிடுவதில்லை. ஒரு சிறு துளையைத் திறந்துவிடுவதோடு அதன் வேலை முடிகிறது. தகட்டைத் தூக்குவது நீரின் அழுத்தமே. வால்வு மூடும்போதும் தகட்டை இறுக்கி அமர்த்துவது அதே அழுத்தந்தான். அழுத்தம் குறைந்தால் வால்வு சரியாகத் திறக்காது. சரியாக மூடாமல் சொட்டவும் செய்யும்.

கணக்கிட்டுப் பாருங்கள். பத்து மீட்டர் உயரத்து நீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். ஒரே மாடி கொண்ட வீட்டின் தளத்தின் மேல் தொட்டியை அப்படியே வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். தரையிலிருந்து தொட்டியின் அடி 3.2 மீட்டர், யந்திரத்தின் வால்வு 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மிஞ்சுவது 2.2 மீட்டர், அதாவது 0.22 பார். கையேட்டில் குறைந்தது 0.3 பார் வேண்டும் என்று போட்டிருந்தால், யந்திரத்தின் மேல் குற்றம் சொல்லிப் பயன் என்ன? தொட்டியை ஒன்றரை மீட்டர் மேடையில் ஏற்றி வைத்தால் போதும். குழாயைப் பருமனாக்கினால் அழுத்தம் கூடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். வழியில் ஏற்படும் இழப்புக் குறையுமேயன்றி, தொட்டியின் உயரம் தராத அழுத்தத்தைக் குழாயின் பருமன் தந்துவிடாது.

வால்வின் முகப்பில் சிறு வலை வடிகட்டி உண்டு. ஆழ்குழாய்க் கிணற்று மணல் அதில் அடைந்துகொள்ளும். குழாயை மூடி, மின்செருகியைப் பிடுங்கி, ரப்பர்க் குழாயைக் கழற்றி, பழைய பல்துலக்கியால் அந்த வலையைத் தேய்த்துக் கழுவுங்கள். பாதிக் குறைகள் இதிலேயே தீர்ந்துவிடும்.

இனி நீரின் தன்மை. கருங்கற்பாறைகளின் இடுக்குகளில் ஊறிவரும் நீர் பல இடங்களில் கடினமானது. கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதில் கரைந்திருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் இல்லாவிடில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். இத்தகைய நீரில் சோப்பு நுரைக்காமல் வெண்டிரையாய்த் திரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சலவைத்தூள் அவ்வளவு திரிவதில்லை. ஆயினும் நுரை குறைகிறதே என்று அளவுக்கு மீறிக் கொட்டினால், கரையாத தூளும் உப்பும் அழுக்கும் சேர்ந்து தொட்டிகள் இரண்டுக்கும் நடுவே சேறாகப் படியும். துவைத்த துணியில் நாற்றம் வீசுவதும், கறுத்த துணுக்குகள் ஒட்டுவதும் அதனால்தான். மாதம் ஒரு முறை துணி எதுவும் போடாமல், 100 கிராம் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து ஊற்றி, ஒரு சுற்று ஓட்டுங்கள். ஆனால் அதனோடு வெளுப்புத் தூளை ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். வேதியியல் ஆசிரியரைக் கேட்டால் அது மூச்சுக்குழலை என்ன செய்யும் என்று சொல்வார். துவைத்து முடித்ததும் மூடியைச் சிறிது நேரம் திறந்தே வையுங்கள். பஞ்சுப்பையை ஒவ்வொரு முறையும் கவிழ்த்துக் கழுவுங்கள்.

நீர் நிரம்பிக்கொண்டே போய் நிற்காமலிருந்தால் வேறொன்றைப் பார்க்கவேண்டும். வெளித்தொட்டியின் அடியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று மேலே செல்கிறது. தொட்டியில் நீர் ஏறும்போது குழாயினுள் அகப்பட்ட காற்று நெருக்குண்டு, மேலே உள்ள ஸ்விட்சைத் தள்ளி, "போதும்" என்று அறிவிக்கிறது. அந்தக் குழாயில் ஓட்டை விழுந்தால் காற்று வெளியேறிவிடும், அறிவிப்பும் போகாது. ஓட்டை போடுபவர் பெரும்பாலும் எலியார்தாம்! பல யந்திரங்களின் அடிப்புறம் திறந்தே இருப்பதால் அவருக்கு உள்ளே குடியேற வசதி அதிகம். கம்பி வலை ஒன்றை அடியில் பொருத்துவது சில நூறு ரூபாய்ச் செலவு. கடித்த மின்கம்பிகளை மாற்றுவது பல ஆயிரம்.

நீர் வெளியேறாவிட்டால், வடிகுழாய் தரையோடு தாழ்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பம்பு இல்லாத வகைகளில் நீர் தானே வழிந்து போகவேண்டும். குழாயைத் தூக்கிக் கட்டினால் போகாது. பம்பு உள்ள வகைகளிலோ குழாயின் முனை கையேடு சொல்லும் உயரத்தில் நிற்கவேண்டும். தாழ்ந்தால் உறிஞ்சுகுழாய்த் தத்துவப்படி நிரம்பும் நீர் உடனுக்குடன் வெளியேறிவிடும்.

பிழியும்போது யந்திரம் அதிர்ந்து நடைபோடுவதும் உண்டு. நிமிடத்துக்கு 700 சுற்று, தொட்டியின் ஆரம் 23 சென்டிமீட்டர் என்று கொண்டால், மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 126 மடங்கு. அரைக் கிலோ ஈரத்துண்டு ஒருபுறம் சேர்ந்துவிட்டால், 63 கிலோ எடையுள்ள ஆள் ஒருவர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வெளியே இழுப்பதற்கு ஒப்பாகும். ஆகவே ஒற்றைக் கம்பளத்தைத் தனியே போடாதீர்கள். துணிகளைக் கலைத்துச் சமமாகப் பரப்புங்கள். நான்கு கால்களும் தரையில் பதிந்திருக்கின்றனவா என்பதை, மூடியின்மேல் தட்டில் நீர் வைத்தே அறியலாம். அதன் பின்னும் அதிர்ந்தால், தொட்டியைத் தாங்கும் நான்கு தொங்குகம்பிகளில் ஒன்று தளர்ந்திருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை.

மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை என்றால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். இவ்வகை மோட்டாரின் திருகுவிசை அழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் மாறும். 230 வோல்ட்டு 180 ஆகக் குறைந்தால் விசை 61 சதவிகிதந்தான். மின்னழுத்தம் சரியாக இருந்தும் சுற்றாவிட்டால் கெபாசிட்டரோ பெல்ட்டோ பழுதாகியிருக்கலாம். கெபாசிட்டரை நீங்கள் தொடக்கூடாது. செருகியைப் பிடுங்கிய பிறகும் அது மின்னூட்டத்தை வைத்திருக்கும்.

மற்றவை பணம் சம்பந்தப்பட்டவை. மின்சாரம் உயிர் சம்பந்தப்பட்டது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவரின் கை இரும்புக் கூட்டில் படுகிறது. எர்த் இணைப்பு இல்லாத இரண்டு துளைச் செருகியில் இந்த யந்திரத்தை இணைக்கவே கூடாது. வீட்டின் மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கிறதா என்று இன்றே தந்தையாரைக் கேளுங்கள். இருந்தால், அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் ஸ்விட்ச் விழவேண்டும். விழாவிட்டால் மின்பணியாளர் வந்து பார்க்கும்வரை அந்த யந்திரத்தில் துணி போடவேண்டாம்.