அம்மாவும் அஞ்சு மார்க் கேள்வியும்: சென்னையில இருந்து ஒரு நாள் காஞ்சிபுரம், மாமல்லபுரம்

(ஒலி வடிவத்தில் இருந்து திருத்தி எழுதப்பட்டது)

இந்த வாரம் வேலை, சம்பளம், இன்டர்வியூ எதுவும் கிடையாது. போன மாசம் நான் ஒரு பேக்கேஜ் டூர் போனேன். ஆமா, நானேதான். "பேக்கேஜ் டூர்னா கொடியைத் தூக்கிக்கிட்டு ஒருத்தர் முன்னாடி போவார், பின்னாடி நாப்பது பேர் தொப்பி போட்டுக்கிட்டு ஓடுவாங்க"ன்னு இதே மைக்ல கிண்டல் பண்ண ஆளுதான். [சிரிப்பு]

ஏன் போனேன்னு முதல்ல சொல்லிடறேன். எங்க அம்மா தருமபுரி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில சமூக அறிவியல் டீச்சர். போன வருஷம்தான் ரிட்டையர் ஆனாங்க. மொத்தம் 28 வருஷ சர்வீஸ். அந்த 28 வருஷமும் பல்லவர் பாடம் நடத்தியிருக்காங்க. மகேந்திரவர்மன், மாமல்லன், ராஜசிம்மன்னு மூணு பேரையும் வரிசையா ஒப்பிப்பாங்க. எனக்கே சின்ன வயசுல தூங்க வைக்கச் சொன்ன கதை மாதிரி அது மனப்பாடம். ஆனா அவங்க மாமல்லபுரத்தைப் பார்த்ததே இல்லை. புத்தகத்துல வந்த மங்கலான படம் மட்டும்தான் பார்த்திருக்காங்க.

நான் சென்னைக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஓஎம்ஆர்ல என் ஆபீஸ் இருக்கு, அங்கிருந்து மாமல்லபுரம் ஒரு மணி நேரம்கூட ஆகாது. டீம் அவுட்டிங் மூணு தடவை போயிருக்கேன். அம்மா வருஷா வருஷம் வந்து ஒரு வாரம் இருந்துட்டுப் போவாங்க. ஒரு தடவைகூடக் கூட்டிட்டுப் போகல. "அடுத்த தடவை போலாம்மா"ன்னு ஆறு தடவை சொல்லியிருக்கேன்.

இந்தத் தடவை அவங்களே கேட்டுட்டாங்க. "தம்பி, முட்டி வலி இன்னும் அதிகமாறதுக்குள்ள அந்தக் கோயிலைப் பார்த்துடலாமா?" அதுக்கு மேல என்ன சொல்றது? எங்கிட்ட கார் கிடையாது. காஞ்சிபுரத்தையும் சேர்த்தா மொத்தம் 200 கிலோமீட்டர், பைக்ல முடியாது. அதனால சனிக்கிழமை ஒரு பஸ் டூர்ல ரெண்டு சீட் போட்டேன். வழிகாட்டி, காலை டிபன், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்ந்தது.

காலையில ஆறரைக்கு பஸ் கிளம்புச்சு. கைடுக்கு அறுபது வயசு இருக்கும். வெள்ளைச் சட்டை, தோள்ல ஒரு ஜோல்னாப் பை. மைக்கைக் கையில எடுத்ததும் முதல்ல சொன்னது இதுதான்: "முதல்ல காஞ்சிபுரம். மதியம் கோயில் நடை சாத்திடுவாங்க, சாயங்காலம்தான் திறப்பாங்க. அதனால காலையில கோயில், மதியத்துக்கு மேல மாமல்லபுரம். இந்த வரிசையை மாத்த முடியாது."

அம்மா என் காதுல சொன்னாங்க: "பாடத்தைப் பின்னாடியில இருந்து நடத்தற மாதிரி இருக்குதே."

அவங்க சொன்னது என்னன்னா, பாடப் புத்தகத்துல பல்லவர் கட்டடக்கலை மூணு படி. முதல் படி, மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை, அதாவது மலையைக் குடைஞ்சு செய்யற கோயில். ரெண்டாவது, அவர் மகன் மாமல்லன், முதலாம் நரசிம்மவர்மன். ஒரே பாறையை வெளியில இருந்து செதுக்கி எடுத்த ரதங்கள். மூணாவது, ராஜசிம்மன், ரெண்டாம் நரசிம்மவர்மன். கல்லை அடுக்கிக் கட்டின கோயில், காஞ்சி கைலாசநாதர் மாதிரி, மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் மாதிரி. இது அம்மாவோட ஆஸ்தான அஞ்சு மார்க் கேள்வி. எங்க பஸ் மூணாவது படியில இருந்து ஆரம்பிச்சுது. இந்த வரிசை சாயங்காலம் ஒரு வேலை பண்ணுச்சு, அதுக்கு வரேன்.

முதல்ல கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டு ஆரம்பத்துல கட்டினது. கூட்டமே இல்லை. மணற்கல்லுங்கிறதால பல சிற்பங்கள் காத்துலயும் மழையிலயும் அரிச்சுப் போயிருக்கு, ஆனா ஒவ்வொரு தூண்லயும் பின்னங்கால்ல எழுந்து நிக்கற சிங்கம் இன்னும் நம்மளை முறைக்குது. பிராகாரச் சுவரை ஒட்டி வரிசையா 58 சின்னச் சின்ன சன்னதிகள். அதுல ராஜசிம்மன் தன்னோட பட்டப் பெயர்களை வெட்டி வச்சிருக்கார். 200க்கும் மேல இருக்கு. இன்னைக்கு லிங்க்ட்இன் ப்ரொஃபைல்ல நாம பண்றதை அவர் கல்லுல பண்ணியிருக்கார்.

கைடு ஒரு சன்னதி முன்னாடி நின்னு, கிரந்த எழுத்தை விரலால காத்துலயே எழுதிக் காட்டினார். "இது ராஜசிம்மன். இது அத்யந்தகாமன், அளவில்லாத ஆசை கொண்டவன்னு அர்த்தம். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கங்க, சாயங்காலம் வேணும்."

அப்புறம் ஒரு கன்னடக் கல்வெட்டைப் பத்திச் சொன்னார். சாளுக்கிய மன்னன் ரெண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை ஜெயிச்சு உள்ள வந்தவர், இந்தக் கோயிலோட செல்வத்தை எடுத்துக்காம திருப்பிக் கொடுத்துட்டார்னு அதுல இருக்கு. பிற்பாடு பட்டதக்கல்ல அவர் ராணி கட்டின விருபாட்சர் கோயில்ல இந்தக் கோயிலோட சாயலைப் பார்க்கலாம். பஸ்ல ஹூப்ளியில இருந்து வந்திருந்த ஒரு ஜோடிக்கு இதைக் கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

அவ்வளவுதான், விசில் அடிச்சுட்டார். மொத்தம் 25 நிமிஷம். அம்மா பாதிப் பிராகாரம்கூடச் சுத்தி முடிக்கல.

ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன் கோயில் பத்தி நிறையச் சொல்லப் போறதில்லை. சனிக்கிழமைக் கூட்டத்துல வரிசையில நின்னதுதான் அதிகம். கிருஷ்ணதேவராயர் 1509ல கட்டின ராஜகோபுரத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம்.

அடுத்தது பட்டுப் புடவைக் கடை. டூர் அட்டவணையில "நெசவு செயல்விளக்கம், 20 நிமிடம்"னு போட்டிருந்தாங்க. தறி இருந்துச்சு, உண்மைதான். உடலையும் கரையையும் தனித்தனி நிறத்துல நெய்து கோக்கற கோர்வை முறையை ஒருத்தர் அஞ்சு நிமிஷம் காட்டினார். அதுக்கப்புறம் மாடிக்குக் கூட்டிட்டுப் போய், பாய்ல உக்கார வச்சு, புடவை மேல புடவையா விரிச்சாங்க. 75 நிமிஷம். எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. கீழ வந்து கைடுகிட்ட, "கைலாசநாதருக்கு 25 நிமிஷம், கடைக்கு 75 நிமிஷமா சார்?"னு கேட்டேன்.

அவர் கோவப்படல. "தம்பி, நீங்க கொடுத்த டிக்கெட் காசுல டீசல், சாப்பாடு, டிரைவர் சம்பளம் போக என்ன மிஞ்சும்னு கணக்குப் போடுங்க. கடை நிறுத்தம் இல்லாத டூரும் இருக்கு. விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு"ன்னார். எனக்குப் பதில் இல்லை. ஏன்னா இருக்கறதுலயே கம்மி விலையைப் பார்த்துப் பார்த்து புக் பண்ணது நான்தான்.

மத்தியானம் சாப்பிட்டுட்டு மாமல்லபுரம். மூணரைக்கு அஞ்சு ரதம். மூணு தடவை நான் போன இடம்தான், ஆனா அங்க எங்கிட்ட இருக்கறதெல்லாம் குரூப் செல்ஃபி. இந்தத் தடவைதான் ரதங்களோட மேல் பகுதி வழவழன்னு முடிஞ்சிருக்கறதையும், அடிப்பகுதி கரடுமுரடா நிக்கறதையும் கவனிச்சேன். மேல இருந்து கீழ செதுக்கிக்கிட்டே வந்து, பாதியில விட்டுட்டாங்க. பஞ்ச பாண்டவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, பெயர் எல்லாம் பின்னாடி ஒட்டிக்கிட்டது. நகுல சகாதேவ ரதத்துப் பக்கத்துல ஒரு கல் யானை நிக்குது இல்லையா? அந்த ரதத்தோட பின்பக்கம் வளைஞ்சு, யானை முதுகு மாதிரியே இருக்கும். இந்த அமைப்புக்குப் பெயரே கஜபிருஷ்டம். விடையைப் பக்கத்துலயே செதுக்கி வச்சிருக்காங்கன்னார் கைடு.

அப்ப அம்மா, பாதி டீச்சரா பாதி ஸ்டூடண்ட்டா, சொன்னாங்க: "இது எல்லாம் மாமல்லன் காலம். ஏழாம் நூற்றாண்டு."

கைடு திரும்பிப் பார்த்தார். "நீங்க டீச்சரா?"

"ஆமா சார். ரிட்டையர்டு."

"அப்ப இதைப் பாருங்க டீச்சர்"னு ஃபோன்ல ஒரு படத்தைப் பெருசு பண்ணிக் காட்டினார். தருமராஜ ரதத்தோட மேல் தளத்துல இருக்கற கல்வெட்டு. அங்க நாம ஏற முடியாது. அதுல இந்தக் கோயிலோட பெயர் இருக்கு: அத்யந்தகாம பல்லவேஸ்வர கிருஹம்.

அம்மா ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் மெதுவா, "காலையில பார்த்த பேரு"ன்னாங்க.

இதுதாங்க அந்த வரிசையோட வேலை. புத்தக வரிசையில வந்திருந்தா இது மாமல்லன் கட்டினதுன்னு டிக் அடிச்சுட்டுப் போயிருப்போம். ராஜசிம்மனோட பட்டத்தைக் காலையிலயே பார்த்துட்டு வந்ததால, கேள்வி தானா வந்து நின்னுச்சு. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1962லயே இந்த மாதிரிப் பட்டப் பெயர்களை வச்சு, மாமல்லபுரத்துச் சிற்ப வேலை எல்லாமே ராஜசிம்மன் செய்ததுன்னு வாதிட்டிருக்கார். எல்லாரும் ஒத்துக்கல. அந்தப் பட்டம் அவர் அப்பா பரமேஸ்வரவர்மனுக்கும் இருந்திருக்கலாம், ஒரு ராஜா ஆரம்பிச்ச வேலையில அடுத்த ராஜா பெயர் வெட்டியிருக்கலாம்னு மத்தவங்க சொல்றாங்க. நம்ம பாஷையில சொன்னா, ஒரு ஃபைலோட கடைசி கமிட்ல யார் பேர் இருக்குன்னு பார்த்து, மொத்தக் கோடும் அவர் எழுதினதுன்னு சொல்ல முடியுமா? முடியாது. ஆனா அந்தப் பேரை இல்லைன்னும் சொல்ல முடியாது.

அங்க இருந்து அர்ஜுனன் தபசுப் பாறை. அதுலயும் இதே கதைதான், தவம் செய்யறது அர்ஜுனனா பகீரதனான்னு இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க. ஒத்தக்கால்ல தவம் செய்யற பூனையையும், அதை நம்பி நிக்கற எலிகளையும் கண்டுபிடிச்சதும், "எங்க பசங்க இதைக் கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பாங்க"ன்னாங்க அம்மா. கடைசியா கடற்கரைக் கோயில். ஆறு மணிக்கு மூடிடுவாங்கன்னு அவசரம். அம்மா வேகமா நடக்க முடியாம பின்தங்கிட்டாங்க. கைடு மத்தவங்களை முன்னாடி அனுப்பிட்டு இவங்க கூடவே நடந்தார்.

திரும்பி வரும்போது அம்மா என் பக்கத்து சீட்ல இல்லை. முன்னாடி போய், கைடுக்கு எதிர் சீட்ல உக்காந்துட்டாங்க. ஈசிஆர் முழுக்க ரெண்டு பேரும் பல்லவர் பத்தியே பேசிக்கிட்டு வந்தாங்க. நான் பின்னாடி ஜன்னலோரம் கணக்குப் போட்டேன். 13 மணி நேரம்னா 780 நிமிஷம். ஓடற பஸ்ல 340. சாப்பாட்டுக்கு 90. கடைக்கு 75. ஆள் எண்ணறது, பாத்ரூம், தொலைஞ்சு போனவரைத் தேடறது 45. பார்க்க வந்த இடங்களுக்கு மிச்சம் 230 நிமிஷம், ஆறு இடத்துக்கு. காலையில இந்தக் கணக்கைப் போட்டிருந்தா டிக்கெட்டையே கேன்சல் பண்ணியிருப்பேன்.

ஆனா கைடு இல்லாம நான் கூட்டிட்டுப் போயிருந்தா, 600 நிமிஷம் இருந்தாலும் அந்த ஒரு பெயர் கிடைச்சிருக்காது. எனக்குக் கிரந்தம் தெரியாது. கூகுள் மேப்ஸ் ரிவ்யூல "நைஸ் பிளேஸ், பார்க்கிங் அவைலபிள்"னுதான் போட்டிருக்காங்க.

சரி, நீங்க போறதா இருந்தா புக் பண்றதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணி நாலு கேள்வி கேளுங்க. ஒண்ணு, எந்த இடத்துல எத்தனை நிமிஷம்? மொத்த நேரத்தைக் கேக்காதீங்க. ரெண்டு, கடை நிறுத்தம் எத்தனை, வேண்டாம்னா எவ்வளவு கூடுதல்? மூணு, காலையில இருந்து ஒரே கைடா, இல்ல ஒவ்வொரு ஊருக்கும் ஒருத்தரா? எங்களுக்கு ஒரே ஆள் வந்ததாலதான் காலையில சொன்னது சாயங்காலம் சேர்ந்துச்சு. நாலு, எந்த மொழியில பேசுவார்? பெரியவங்களைக் கூட்டிட்டுப் போனா இன்னொண்ணு: எவ்வளவு தூரம் நடக்கணும்? இதை நான் கேக்கல. அம்மா முட்டி ரெண்டு நாள் வீங்கியிருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி வீட்டுல வெந்நீர் ஒத்தடம் கொடுத்துட்டு இருந்தப்ப அம்மா கேட்டாங்க. "ஏன்டா, எந்தப் பையனாவது ரதத்துக்கு ராஜசிம்மன்னு எழுதியிருந்தா நான் மார்க் போட்டிருக்க மாட்டேன் இல்ல?"

"யாராவது எழுதினாங்களாம்மா?"

"எழுதியிருப்பாங்க. மாத்தி எழுதற பசங்க வருஷத்துக்கு நாலு பேர் இருப்பாங்க. நான் தெரியாம எழுதறாங்கன்னு நினைச்சு அடிச்சிருப்பேன்." கொஞ்ச நேரம் கழிச்சு, "அவங்களும் தெரியாமதான் எழுதியிருப்பாங்க, அது வேற விஷயம்"னாங்க. [சிரிப்பு]

அடுத்த மாசம் திரும்ப வராங்க. இந்தத் தடவை காஞ்சிபுரம் மட்டும், கைலாசநாதர் மட்டும். மிச்சம் இருக்கற பாதிப் பிராகாரம் பார்க்கணுமாம். அந்த கைடு நம்பரை அம்மாவே வாங்கி வச்சிருக்காங்க. அவரை நேரடியாக் கூப்பிட்டு, அரை நாளைக்கு அவர் கேட்கிற கட்டணத்தைக் கொடுக்கறதா பேசிட்டோம். ரயில்ல போறோம். அடுத்த தடவைன்னு இனிமே சொல்றதா இல்லை, டிக்கெட் போட்டாச்சு.

உங்க அப்பா அம்மா பல வருஷமா பேசிக்கிட்டே இருந்து, இன்னும் பார்க்காத இடம் எது? நீங்க இருக்கற ஊர்ல இருந்து அது எத்தனை கிலோமீட்டர்? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடறேன். வரட்டுமா மக்களே.