பத்து வெள்ளியில் வாங்கிய தோட்டம்



கஷ்ட காலத்துக்கு ஒரு குடும்பம் எப்படித் தயாராக வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். போர்ட்டிக்சன் வட்டாரத்துச் சுவாவில் இதைப் பேசுவதற்கு வெளியிலிருந்து உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் பாட்டன் பாட்டிகள் பார்க்காத பஞ்சமா?

1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. 50 காசாக இருந்த ஆணின் நாள் கூலி முதலில் 40 காசுக்கு இறங்கியது. வேலையில்லாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். பத்து ஆண்டு கழித்து ஜப்பானியர் ஆட்சி. சோற்றுக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு. சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோன ஆண்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானியர் நோட்டைச் சேர்த்து வைத்தவர்கள் கையில் 1945இல் வெறும் காகிதம்தான் மிஞ்சியது. அப்போது லயத்துக்குப் பின்னால் கிழங்கும் கீரையும் போட்டிருந்த வீடு எப்படியோ பிழைத்தது. பணம் மட்டுமே சேமிப்பு அல்ல என்பதை அந்தத் தலைமுறை வயிற்றால் தெரிந்துகொண்டது.

ஆனால் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது அதற்கடுத்த கதை.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். துண்டாடல் என்று அதற்குப் பெயர். வேலை போனால் வீடும் போகும், ஏனென்றால் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். பிறந்து வளர்ந்த இடத்தை விட்டுச் சட்டி பானையோடு வெளியே நிற்கும் நிலை. அந்த நேரத்தில் மஇகா தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டார். மாதம் 10 வெள்ளி கொடுங்கள், பத்து மாதம் கொடுங்கள், 100 வெள்ளிக்கு ஒரு பங்கு உங்கள் பெயரில் இருக்கும் என்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. வாங்கியவர்கள் யார்? விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடியவர்கள். மங்கு துடைத்தவர்கள். ஒட்டுப்பால் பொறுக்கியவர்கள்.

அந்தக் காலத்துத் தோட்டக் கூலியில் 10 வெள்ளி என்பது சில நாள் உழைப்பு, தாய்மார்களே! அது எங்கிருந்து வந்திருக்கும்? கள்ளுக்கடைக்குப் போகும் காசில் கொஞ்சம், தீபாவளிப் புதுத்துணியில் கொஞ்சம், ஆடு கோழி விற்றதில் கொஞ்சம். மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று இருந்திருந்தால் ஒரு மாதம்கூட 10 வெள்ளி மிஞ்சியிருக்காது. சம்பளம் வந்ததும் முதலில் அதை எடுத்து வைத்துவிட்டு, மீதியில் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். எளிமையாக வாழ்வது என்றால் இதுதான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் படும் அவதியை நான் சொல்லவில்லை. எதற்காகச் சேமிக்கிறோம் என்று தெரிந்த மனிதனின் கம்பீரத்தைச் சொல்கிறேன்.

நம் காலத்துக்கு வருவோம். 1998, 99இல் இதே போர்ட்டிக்சன் வட்டாரத்தில், புக்கிட் பெலாண்டோக் பக்கம் நிப்பா நோய் வந்தது. நாடு முழுவதும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பன்றிப் பண்ணைகள் காலியாயின, அவற்றை நம்பியிருந்த பிழைப்பும் போனது. அதே காலத்தில்தான் வெள்ளியின் மதிப்பு விழுந்து, கடைசியில் டாலருக்கு 3.80 என்று நிறுத்தி வைத்தார்கள். பிறகு 2020 மார்ச் 18, கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு. 2021இல் வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டி உதவி கேட்டார்கள் மக்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து சிறப்பு அனுமதியில் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட தொகை 145 பில்லியன் வெள்ளி. எடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை பசியோடு இருக்கும்போது முதுமையைப் பற்றி யார் நினைப்பார்கள்? ஆனால் அந்தப் பணத்தைத் திரும்பச் சேர்க்க வேண்டிய வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

நம் வீடுகளில் பணம் எங்கே போகிறது என்று உரிமையோடு சொல்கிறேன். அரிசி பருப்பால் நம்மில் யாரும் கடனாளி ஆவதில்லை. மண்டபத்தால் ஆகிறோம். மஞ்சள் நீராட்டுக்கு மண்டபம், பிறந்தநாளுக்கு மண்டபம், கல்யாணத்துக்கு அதைவிடப் பெரிய மண்டபம். ஒரு நாள் மாலைக்காக ஐந்து வருடம் தவணை கட்டும் அப்பாவைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. கோயிலில் தாலி கட்டி, வாழையிலையில் சாப்பாடு போட்டால் எந்தப் பெண்ணுக்கு மதிப்புக் குறைந்துவிடும்? இதை ஒரு வீடு மட்டும் செய்தால் ஊர் பேசும். பத்து வீடு சேர்ந்து செய்தால் அதுவே வழக்கமாகிவிடும். சம்பந்தன் காலத்துப் பத்து வெள்ளியும் ஊரே சேர்ந்து கட்டியதால்தான் தோட்டமானது.

இன்னொன்று. கூட்டு என்னும் சீட்டுக் கட்டாதீர்கள். 1971இலேயே சட்டம் அதைத் தடை செய்துவிட்டது. கூட்டுப் பிடிக்கும் தலைவர் ஓடிப்போனால் புகார் கொடுக்கவும் வாய் வராது. பதிவு பெற்ற கூட்டுறவில் போடுங்கள். ஆலோங் என்னும் கந்துவட்டிக்காரர் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

இளைஞர்கள் ஒன்று கேட்பார்கள். சம்பளமே போதவில்லை, இதில் எங்கே சேமிப்பது? நியாயமான கேள்வி. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளிக்கு வந்தது. கூலி உயரப் போராட வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சிக்கனம் பேசிக் கூலிப் பேச்சை மூடுபவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் மூன்று மாத அரிசிக்கும் வாடகைக்கும் கையில் வைத்திருப்பவன்தான் முதலாளியின் முன்னால் நிமிர்ந்து நின்று கூலி கேட்க முடியும்.

தவணை கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பங்கள் இங்கேயும் இருக்கும், வெட்கப்படாதீர்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் காசு வாங்காமல் உங்களுக்காக வங்கியோடு பேசி, தவணையை மாற்றி அமைக்கும். கூட்டம் முடிந்ததும் நான் இந்த மேடைக்குக் கீழேதான் இருப்பேன். கணவன் மனைவி இரண்டு பேருமாக வாருங்கள், கடன் கணக்கைச் சேர்ந்து எழுதுவோம்.