உறைந்த மழையில் ஒரு வகுப்பு

இன்னைக்கு எபிசோடு பனியில நடக்கிற வகுப்பைப் பத்தி. சினிமாப் பாட்டுல ஹீரோயின் மெல்லிசுப் புடவையோட ஆடுற பனி இல்லை. கனடாவுல ஜனவரி, பிப்ரவரியில முழங்கால் வரைக்கும் கால் இறங்குற பனி. அங்க பல கிறிஸ்தவப் பள்ளிகள்ல, குளிர்காலத்துல பிள்ளைங்களை வெளியில கூட்டிட்டுப் போய்ப் பாடம் நடத்துற வழக்கம் இருக்கு. ஒண்டாரியோ மாகாணத்துல கத்தோலிக்கப் பள்ளிகள் அரசுப் பணத்துலயே நடக்குது. டொராண்டோ பக்கம் இருக்கிற தமிழ்ப் பிள்ளைங்களும் அதுல படிக்கிறாங்க. அதனால இது உங்க அக்கா வீட்டு ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கிற சம்மதப் படிவமாகவும் இருக்கலாம்.

முதல்ல ஒரு சொல் பிரச்சினை. தமிழ்ல பனின்னா என்ன? மார்கழிக் காலையில புல்லு மேல இருக்கிறதும் பனி, ரோட்டை மறைக்கிறதும் பனி, வானத்துலேர்ந்து வெள்ளையா விழுறதும் பனி. பைபிளைத் தமிழ்ல மொழிபெயர்த்தவங்களுக்கு இது பெரிய தலைவலியா இருந்திருக்கணும். பழைய தமிழ் பைபிளைப் புரட்டிப் பாருங்க, ஏசாயாவுலயும் சங்கீதத்துலயும் அதுக்கு 'உறைந்த மழை'ன்னு பேர் வச்சிருக்காங்க. 147-ம் சங்கீதத்துல, மூலத்துல அதுக்கு உவமை கம்பளி. தமிழுக்கு வரும்போது கம்பளி பஞ்சாயிடுச்சு. எது சரின்னு சண்டை போட வேண்டாம், ரெண்டுமே உள்ள காத்தைப் பிடிச்சு வச்சுக்கிற பொருள்தான். புதுசா விழுந்த பனியும் அப்படித்தான். அதுல பெரும்பகுதி காத்து. அதனால குளிர் அதை ஊடுருவிப் போறது கஷ்டம். சங்கீதத்துல உவமையா இருக்கிறது மானிட்டோபாவுல இயற்பியல் பாடம்.

அந்தப் பாடத்தை நடத்துற விதம் அருமையானது. பேரு குவின்ஸி. வடமேற்குக் கனடாவோட பழங்குடி மக்கள்கிட்டேர்ந்து வந்த வார்த்தை. இக்லூவுக்குப் பனியைச் செங்கல் மாதிரி வெட்டி அடுக்கணும், அதுக்குக் கைத்திறமை வேணும். குவின்ஸிக்கு ஒரு மண்வெட்டி போதும். ஆளுயரத்துக்குப் பனியை அள்ளிக் குவிக்கணும், அப்புறம் அதை அப்படியே விட்டுடணும். குறைஞ்சது ஒரு மணி நேரம், முடிஞ்சா ரெண்டு. அள்ளிப் போட்ட பனியோட துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இறுகுறதுக்கான நேரம் அது. அந்த நேரம் கொடுக்காம தோண்டினா மேல சரிஞ்சு விழும்.

இறுகினதும் சுமார் முப்பது செண்டிமீட்டர் நீளக் குச்சிகளைச் சுத்தி எல்லாப் பக்கமும் குத்தி வைக்கிறாங்க. பிறகு உள்ளேயிருந்து குடையுறாங்க. குடையுறப்போ குச்சி முனை கண்ணுல பட்டா நிறுத்திடணும், சுவர் அளவு சரியா வந்துடுச்சுன்னு அர்த்தம். இவ்வளவு எளிமையான அளவுகோலை நான் வேற எங்கயும் பார்க்கல. வாசல் தாழ, படுக்கிற மேடை உயர. குளிர்ந்த காத்து கனமானது, அது கீழேயே தங்கிடும். கூரையில கை முஷ்டி அளவுக்கு ஒரு துளை, மூச்சுக்காக. உள்ள ஒருத்தர் குடையும்போது வெளியில ஒருத்தர் மண்வெட்டியோட நின்னே ஆகணும். இதுக்கு விதிவிலக்கே கிடையாது. எல்லாம் முடிஞ்சு ரெண்டு பேர் உள்ள உட்கார்ந்தா, வெளியில மைனஸ் இருபது இருக்கும்போதும் உள்ள பூஜ்யத்தை ஒட்டி வந்துடும். ஹீட்டர் இல்லை, நெருப்பு இல்லை. உடம்புச் சூடு மட்டும்தான்.

பிள்ளைங்களுக்கு ரொம்பக் கஷ்டமான பகுதி குடையுறது இல்லை, காத்திருக்கிறது. நல்ல ஆசிரியர் அந்த இடைவெளியில தடம் பார்க்கக் கூட்டிட்டுப் போவார். பனிமுயல் தாவும்போது பின்னங்கால் முன்னங்காலைத் தாண்டி முன்னாடி விழும். பெரிய தடம் முன்னாடி, சின்னத் தடம் பின்னாடி. புதுசா பார்க்கிறவங்க முயல் எதிர்த்திசையில போச்சுன்னு அடிச்சுச் சொல்வாங்க. மரத்துல சிக்கடீன்னு ஒரு சின்னக் குருவி இருக்கும், பத்துப் பன்னிரண்டு கிராம்தான் எடை. ராத்திரி உடம்பு வெப்பத்தையே பல டிகிரி குறைச்சுக்கிட்டுச் சக்தியை மிச்சம் பிடிக்குது. அது பல இடத்துல ஒளிச்சு வச்ச விதையைத் திரும்பவும் தேடி எடுக்குது. வேற பள்ளியில இதை உயிரியல்னு சொல்வாங்க, இங்க படைப்புன்னும் சேர்த்துச் சொல்வாங்க. குருவிக்கு அதைப் பத்திக் கவலை இல்லை.

துணி விஷயத்துக்கு வருவோம், ஏன்னா நாம பருத்தி ஊர்க்காரங்க. வெயிலுக்குப் பருத்தியை மிஞ்ச ஒண்ணும் இல்லை. பனியில அதே பருத்தி ஆபத்து. வேர்வையைக் குடிச்சு ஈரமாவே இருக்கும், அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். ஜீன்ஸ் இன்னும் மோசம். உடம்பை ஒட்டிக் கம்பளியோ செயற்கை இழையோ, அதுக்கு மேல சூடு பிடிக்கிற ஒண்ணு, வெளியில காத்தைத் தடுக்கிற ஒண்ணு. வேலை செய்யும்போது வேர்க்கிறதுக்கு முன்னாடியே ஒரு அடுக்கைக் கழட்டணும். எனக்கு ரொம்பப் பிடிச்சது முகம் பார்க்கிற பழக்கம். நம்ம மூக்கு நுனி வெளுக்கிறது நமக்குத் தெரியாது. அதனால ஜோடி ஜோடியா பிரிச்சுவிட்டு, சில நிமிஷத்துக்கு ஒருமுறை எதிராளி மூக்கையும் கன்னத்தையும் பார்க்கச் சொல்றாங்க. வெள்ளைத் திட்டு தெரிஞ்சா கையால மூடிச் சூடு கொடுக்கணும், தேய்க்கக் கூடாது.

இதெல்லாம் அழகான பக்கம். இன்னொரு பக்கமும் இருக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துல ஒரு எண்ணம் பரவுச்சு: நல்ல கிறிஸ்தவன்னா உடம்புலயும் முரடா இருக்கணும், குளிரும் ஓட்டமும் குணத்தைச் செதுக்கும்னு. அது பள்ளிக்கூடங்களுக்குள்ள போச்சு, கடல் தாண்டியும் போச்சு. மானிட்டோபாவுல 1960-கள்ல முழுநேரப் பள்ளியா வளர்ந்த செயின்ட் ஜான்ஸ் கதீட்ரல் ஆண்கள் பள்ளி, ஆங்கிலிக்கன் வழியில வந்தது. அங்க பையன்கள் பனிக்காலணி மாட்டிக்கிட்டுப் பல பத்து கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்துச்சு. கனடாவோட தேசியத் திரைப்பட வாரியம் 1974-ல அதைப் பத்தி 'தி நியூ பாய்ஸ்'னு ஒரு ஆவணப்படமே எடுத்துச்சு. அங்க படிச்சவங்கள்ல அதைப் பெருமையா நினைக்கிறவங்க இருக்காங்க, அந்தப் பெருமையை நான் பொய்னு சொல்லல. ஆனா அதே குடும்பத்துல ஒண்டாரியோவுல தொடங்கின பள்ளி 1978 ஜூன்ல டெமிஸ்கமிங் ஏரியில படகுப் பயணம் போச்சு. படகுகள் கவிழ்ந்து பன்னிரண்டு பையன்களும் ஒரு ஆசிரியரும் இறந்துபோனாங்க. ஜூன் மாசம், வெயில் காலம். கொன்னது தண்ணியோட குளிர். குளிர் யாரோட குணத்தையும் பரிசோதிக்கிறது இல்லைங்க. அது சூட்டை எடுத்துக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு சம்பவம். இந்தப் பள்ளி மதம் சார்ந்தது இல்லை, ஆனா அதுக்கப்புறம் எல்லாப் பள்ளிக்கும் விதி மாறுச்சு. 2003 பிப்ரவரி 1, பிரிட்டிஷ் கொலம்பியாவுல ரோஜர்ஸ் பாஸ். ஆல்பர்ட்டாவுலேர்ந்து பனிச்சறுக்கு போட்டுக்கிட்டு வந்த பதினேழு பேர் மேல பனிச்சரிவு விழுந்துச்சு. ஏழு மாணவர்கள் இறந்தாங்க. அவங்ககிட்ட கருவி இருந்துச்சு, பயிற்சி இருந்துச்சு. கேள்வி என்னன்னா, பதினஞ்சு வயசுப் பிள்ளைங்க அந்தப் பள்ளத்தாக்குல இருந்திருக்கணுமா? அதுக்கப்புறம் மலை நிலத்தை எளியது, சவாலானது, சிக்கலானதுன்னு மூணா பிரிச்சாங்க. தேசியப் பூங்காக்கள்ல பள்ளிக் குழுக்கள் குளிர்காலத்துல சிக்கலான நிலத்துக்குப் போகவே கூடாது, சவாலானதுன்னா தகுதிச் சான்று வாங்கின வழிகாட்டி கூட இருக்கணும்னு விதி வந்துச்சு. ஆசிரியரோட தைரியத்தையோ நம்பிக்கையையோ பார்த்து முடிவெடுக்கிற விஷயமா இது இப்போ இல்லை.

இதையெல்லாம் கேட்டுட்டு அக்காவுக்கு ஃபோன் போட்டு, அனுப்பாதேன்னு சொல்லிடாதீங்க. பள்ளி மைதானத்துல குவின்ஸி கட்டுறதும் பனிச்சரிவு வர்ற பள்ளத்தாக்குல சறுக்குறதும் ஒண்ணு இல்லை. ஆனா கையெழுத்துக்கு முன்னாடி சில கேள்வி கேட்கலாம். காத்துக்குளிர் எந்த அளவைத் தாண்டினா உள்ளயே இருப்பீங்க? மைனஸ் இருபத்தெட்டைத் தாண்டினா மூடாத தோல் பத்துலேர்ந்து முப்பது நிமிஷத்துல உறையலாம்னு கனடா அரசே சொல்லுது. பாதியில திரும்பலாம்னு முடிவெடுக்கிறது யாரு? ஒரு பிள்ளை எனக்குக் குளிருதுன்னு சொன்னா என்ன செய்வீங்க? கடைசிக் கேள்விக்கு வர்ற பதிலைக் கவனிங்க. 'கொஞ்சம் தாங்கிக்கச் சொல்வோம்'னு வந்தா கையெழுத்து வேண்டாம். 'உள்ள கூட்டிட்டுப் போய்ச் சூடா ஏதாவது குடிக்கக் கொடுப்போம், சாக்ஸ் ஈரமான்னு பார்ப்போம்'னு வந்தா அனுப்பலாம். பையில கூடுதலா ரெண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் வையுங்க. பருத்தி வேண்டாம்.