கூரை ஒழுகினால் யாரிடம் கேட்பது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கேமரன் மலை என்றதும் நமக்குக் குளிரும் ஸ்ட்ராபெரியும் தேநீரும்தான் நினைவுக்கு வரும். 1929-இல் போ தோட்டம் தொடங்கிய நாள்தொட்டு அந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். அவர்கள் குடியிருந்த லயன் வீடுகளைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

பட்டணத்தில் வாடகைக்கு இருப்பவர் வீடு பிடிக்காவிட்டால் வேறு வீடு பார்ப்பார். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கின்றன. கூரை ஒழுகுகிறது என்று வாய்திறந்தால் வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயம். ஓய்வு பெற்றால் வீடும் போகுமே என்ற கவலை வேறு. சட்டம் இல்லாததைவிட இந்தப் பயம்தான் நம்மை அதிகம் முடக்கியிருக்கிறது என்பேன்.

சட்டம் இருக்கிறது. 446-ஆவது சட்டம் என்று சொன்னாலே ஆள்பல இலாகாவில் புரிந்துகொள்வார்கள். 1990-இல் வந்த தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் அது. தோட்டத்தில் வீடு கொடுக்கும் முதலாளி போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும். மின்சார வசதி இருக்க வேண்டும். கட்டடத்தைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும். இவை நிர்வாகத்தின் கருணை அல்ல, கடமை. முன்பு தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் மட்டும் இருந்த இச்சட்டம், 2019-இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. சான்றிதழ் பெறாத இடத்தில் தொழிலாளரைத் தங்கவைத்தால் 50,000 ரிங்கிட் வரை அபராதம்.

ஏன் இவ்வளவு கடுமை? 2024 ஜனவரி 26-ஆம் தேதி புளூ வேலியில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். இருட்டு நேரத்தில் மண் சரிந்து ஐந்து மியன்மார் தொழிலாளர்கள் புதையுண்டு மாண்டார்கள். இன்று மலையில் வேலை செய்பவர்களில் வெளிநாட்டவர் பலர். அவர்களும் இதே சட்டத்தின் கீழ்தான் வருகிறார்கள்.

தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர் நிலை வேறு. 446 அவருக்கு உதவாது. பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்பது பெரும்பாலும் வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. அதனால் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். ஆனால் ஒன்று உறுதி: வாடகைக் காலம் முடிந்தாலும், நீதிமன்ற நடவடிக்கை இல்லாமல் பூட்டுப் போட்டு உங்களை வெளியேற்ற முடியாது. 1950-ஆம் ஆண்டு குறித்த நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு அதைத் தடுக்கிறது. முன்பணத்தைத் திருப்பித் தராவிட்டால், 5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வைக்கலாம்.

தோட்டத்து மக்கள் என்ன செய்யலாம்? கிராணியிடம் நூறு முறை சொன்னாலும் அது சாட்சியாகாது. கடிதமாக எழுதுங்கள், தேதி போடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். விரிசலையும் ஒழுகலையும் படம் எடுங்கள். ஒருவராகப் போகாமல் லயத்தில் உள்ள பத்துக் குடும்பமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் யாரைத் தனியாகக் குறிவைப்பது? தொழிற்சங்கம் இருந்தால் அதன் வழியே, இல்லையென்றால் நேராக ஆள்பல இலாகாவில் புகார் கொடுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் மண்ணில் புதிய வெடிப்பு தெரிந்தாலோ, சுவரிலிருந்து சேற்று நீர் கசிந்தாலோ, முதலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். கடிதத்தை மறுநாள் எழுதலாம்.