பேராலயத்தின் நிழலில் ஓர் ஊர்



பிரான்ஸ் தேசத்திலே பேராலயத்தைச் சுற்றி வளர்ந்த ஊர்கள் பல உள்ளன. சார்த்ர் நகரம் அவற்றுள் ஒன்று. 1194ஆம் ஆண்டு அங்கிருந்த ஆலயம் தீக்கிரையானது. ஊர் மக்கள் சோர்ந்துவிடவில்லை. ஒரு தலைமுறைக் காலத்துக்குள்ளேயே அதன் பெரும் பகுதியை மீண்டும் எழுப்பிவிட்டார்கள். கோதுமை வயல்களைக் கடந்து வருகிறவனுக்கு இன்றும் முதலில் தெரிவது ஊரல்ல, ஆலயத்தின் கோபுரங்கள்தாம்.

அத்தகைய ஊர் ஒன்று நமது கொழும்பிலும் இருக்கிறது. அதுதான் கொட்டாஞ்சேனை. புனித லூசியாள் பேராலயத்தின் பெரிய குவிமாடம் அதன் அடையாளம்.

ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்க சமயம் தடைசெய்யப்பட்டிருந்தது. அவர்களது வுல்வெண்டால் தேவாலயம் 1757இல் அருகிலுள்ள மேட்டிலே கம்பீரமாகத் திறந்துவைக்கப்பட்டது. அதே நூற்றாண்டிலே கோவாவிலிருந்து வந்த குருமார் கொட்டாஞ்சேனையில் அமைத்ததோ ஓலை வேய்ந்த ஒரு சிற்றாலயம். ஆங்கிலேயர் 1806இல் தடைகளை நீக்கிய பின்னரே கத்தோலிக்கர் தலைநிமிர்ந்தனர். ஓலைக் கூரை இருந்த இடத்திலே, ரோமாபுரிப் பாணியில் தூண்களும் குவிமாடமுமாக இன்றைய பேராலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழத் தொடங்கியது.

பிரான்ஸ் தேசத்துக்கும் இந்த ஊருக்கும் நேரடியான உறவும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆயராகப் பணியாற்றிய கிறிஸ்தோப் பொன்ஜோன் ஆண்டகை 1883இல் கொழும்புக்கு வந்தார். பின்னர் அதன் முதற் பேராயரானார். அவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அவருக்குப் பின் 1947 வரை அந்தப் பதவியை வகித்தவர்களும் பிரெஞ்சுக்காரரே. அவ்வாண்டில்தான் இந்நாட்டவரான தோமஸ் கூரே ஆண்டகை பேராயரானார்.

ஆனால், கொட்டாஞ்சேனையை ஒரு பேராலயத்தின் ஊர் என்று மட்டும் சொன்னால் அது பாதிக் கதைதான். பேராலயத்துக்கு அண்மையிலேயே தீபதுத்தாராம விகாரை இருக்கிறது. 1873ஆம் ஆண்டின் பாணந்துறை விவாதத்திலே புகழ்பெற்ற மிகெட்டுவத்தே குணானந்த தேரர் அங்குதான் வாழ்ந்தார். கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசர் கோயில் இருக்கிறது. அதைக் கருங்கல்லால் எடுப்பித்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். ஜிந்துப்பிட்டியிலே முருகன் கோயில். இத்தனையும் நடந்தே போய்வரக்கூடிய தூரத்துக்குள் உள்ளன.

நெருங்கி வாழ்வோரிடையே நேசமும் வளரும், பகையும் வளரும். 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. விகாரையை நோக்கிச் சென்ற பௌத்தர்களின் ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் தாக்கினர். ஊர்வலத்தில் தமது சமயத்தை இழிவுபடுத்தும் உருவங்கள் கொண்டுவரப்படுவதாகப் பரவிய வதந்தியே அதற்குத் தூண்டுகோல். உயிர்ச்சேதமும் நேர்ந்தது. குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை என்ற மனக்குறை பௌத்தர்களிடம் ஆழப் பதிந்தது. கேர்ணல் ஒல்கொட் இலண்டன் சென்று முறையிட்டார். 1885இல் வெசாக் தினம் பொது விடுமுறையாயிற்று. அந்த வெசாக் நாளில் பௌத்தக் கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டதும் இதே கொட்டாஞ்சேனை விகாரையிலேதான்.

நூற்று முப்பத்தாறு ஆண்டுகளின் பின் இன்னோர் உயிர்த்த ஞாயிறு வந்தது. 2019 ஏப்ரல் 21. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலே குண்டு வெடித்தது. அன்று நாடெங்கும் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எல்லாச் சமயத்தவரும் மெழுகுதிரி ஏற்றிச் செல்லும் தலம் அது. தாக்குதல் நடந்து இரண்டு மாதம் நிறைவதற்குள்ளாகவே, ஜூன் 12ஆம் திகதி, அதன் கதவுகள் மீண்டும் திறந்தன.

அதற்கு ஆறு நாள்களுக்கு முன்னர்தான் பாரிஸ் நோத்ர்-தாம் பேராலயத்தின் கூரை எரிந்து வீழ்ந்தது. உலகமே கண்ணீர் விட்டது. ஏன்? கல்லும் மரமும் எரிந்ததற்காக மட்டுமா? 1831இல் விக்டர் ஹியூகோ அந்த ஆலயத்தை ஒரு நாவலாக்கிவிட்டார். கவனிப்பாரற்றுச் சிதைந்து கிடந்த கட்டடத்தின் மீது மக்களின் பார்வையைத் திருப்பியது அந்நூல். திருத்தப் பணிகளும் தொடங்கின. அதன் கதையை வாசித்தவர்கள், அந்தக் கூரையைக் கண்ணால் காணாமலே அதற்காக அழுதார்கள்.

கொட்டாஞ்சேனையின் கதையும் அவ்வாறு எழுதப்பட வேண்டியதொன்று. ஒல்லாந்தரின் தடையை, 1883இன் கல்லெறியை, துறைமுகத் தொழிலாளரின் வியர்வையை, ஆடிவேல் காலத்துத் தெருக்களை, 2019இன் அந்தக் காலைப் பொழுதை ஒரே நூலிலே காணும் நாள் வரவேண்டும். அதில் நமது தரப்பின் துன்பம் மட்டுமன்றி, நமது தரப்பு செய்த பிழையும் இடம்பெற வேண்டும். அப்போதுதான் அயலவனும் அதைத் தன் ஊரின் கதையென்று ஏற்றுக்கொள்வான்.

ஓலைக் கொட்டில் பேராலயமானதைப் பெரியோர் வாய்மொழியாகக் கேட்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க நமது இளம் எழுத்தாளர்கள் முன்வர வேண்டும்.