அறிய வேண்டிய அயல்நெறி: பௌத்தம்

அருகன் திருவடிகளை வணங்கித் தொடங்குகிறேன்.  

அருகனைப் போற்றும் விழாவில் புத்தரைப் பற்றிப் பேசுவது எதற்கு என்று சிலர் எண்ணலாம். பள்ளிப் பாடநூல்களில் சமணமும் பௌத்தமும் பெரும்பாலும் ஒரே பாடத்தில் அடங்கிவிடுகின்றன. "இரண்டும் ஒன்றுதானே?" என்று உடன் பயிலும் மாணவர் கேட்டால், நம் பிள்ளைகள் தெளிவாக விடை கூற வேண்டும். பிறர் நெறியைச் சரியாக அறியாதவர், தம் நெறியின் தனிச்சிறப்பையும் எடுத்துரைக்க இயலாது.

சாக்கியர் குலத்தில், இன்றைய நேபாளத்திலுள்ள லும்பினியில் சித்தார்த்தர் பிறந்தார். 29ஆம் அகவையில் மனை துறந்தார். ஆலார காலாமர், உத்தக இராமபுத்தர் என்னும் ஆசிரியர்களிடம் பயின்றார்; பின்னர் உடலை வாட்டும் கடுந்தவம் இயற்றினார். ஆறு ஆண்டுகள் சென்றபின் அத்தவத்தையும் விடுத்து, கயையில் அரசமரத்தடியில் போதி எய்தினார். சாரநாத்தில் முதல் அறவுரை நிகழ்த்தி, 80ஆம் அகவையில் குசிநகரில் பரிநிர்வாணம் அடைந்தார். நம் மகாவீரரும் அதே மகத நாட்டுப் பகுதிகளில் அறம் உரைத்தவர். பௌத்தரின் பாலி நூல்கள் அவரை நிகண்ட நாதபுத்தர் என்று குறிப்பிடுகின்றன.

இரு நெறிகளும் வேள்விக் கொலையை மறுத்தன. உலகைப் படைத்த இறைவன் ஒருவன் உளன் என்பதை ஏற்கவில்லை. வினையையும் மறுபிறப்பையும் ஏற்றன. ஒப்புமை இவ்வளவு இருப்பதாலேயே வேற்றுமைகள் கண்ணுக்குப் படாமற் போகின்றன.

துன்பம் உண்டு, அதற்குக் காரணம் வேட்கை, வேட்கை அற்றால் துன்பம் அறும், அதற்கு வழி எண்வகை நெறி. இவையே புத்தர் உரைத்த நான்கு வாய்மைகள். இன்ப நுகர்ச்சிக்கும் உடலை வருத்தும் நோன்புக்கும் இடைப்பட்ட நடுவழியை அவர் காட்டினார். நமக்கோ தவம் வினையை உதிர்க்கும் கருவியாகும்.

அடிப்படை வேற்றுமை உயிரைப் பற்றியது. உயிர் என்றும் உள்ளது, அறிவே அதன் இயல்பு என்பது நம் கொள்கை. உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து கந்தங்களின் சேர்க்கையே மனிதர், நிலையான ஆன்மா என ஒன்று இல்லை என்பது பௌத்தம். அவ்வாறாயின் மறுபிறப்பு எங்ஙனம்? ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றுவதுபோல என்று அவர்கள் உவமை கூறுவர். வினையும் அவர்களுக்கு எண்ணத்தைச் சார்ந்தது; நமக்கோ உயிரிற் படியும் நுண்பொருள்.

இல்லறத்தார் ஒழுக்கத்திலும் இதனைக் காணலாம். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை ஆகிய நான்கும் இருவர்க்கும் பொது. ஐந்தாவதாகப் பௌத்தர் கள்ளுண்ணாமையை வைத்தனர். நம் முன்னோர் மிகுபொருள் விரும்பாமையை வைத்தனர். மும்மணி என்ற சொல்லும் பொதுவே. அவர்க்கு அது புத்தம், தன்மம், சங்கம். நமக்கு நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம்.

புத்தருக்குப் பின் சங்கம் பல பிரிவுகளாயிற்று. பழைய பாலி நூல்களைப் போற்றும் தேரவாதம், அசோகர் காலத்தில் மகிந்தரால் இலங்கை சென்றது. இன்று மியான்மர், தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ் ஆகிய நாடுகளிலும் நிலவுகிறது. எல்லா உயிர்களும் உய்யும்பொருட்டுப் போதிசத்துவராக முயல்வதே உயர்ந்தது என்னும் மகாயானம் சீனா, கொரியா, ஜப்பான், வியட்நாம் நாடுகளிற் பரவிற்று. மந்திர, தந்திரச் சாதனைகளையும் ஏற்ற வச்சிரயானம் திபெத், பூட்டான், மங்கோலியா நாடுகளில் வேரூன்றியது. 1956இல் அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் பெருந்திரளான மக்களுடன் பௌத்தம் தழுவினார். அது நவயானம் எனப்படுகிறது.

தமிழகத்திலும் இந்நெறி தழைத்திருந்தது. 7ஆம் நூற்றாண்டில் காஞ்சியைக் கண்ட சீனப் பயணி யுவான் சுவாங், அங்குப் பௌத்தத் துறவியரோடு நம் நிர்க்கந்தரும் மிகுதியாக இருந்தனர் என்று எழுதினார். மணிமேகலை, வீரசோழியம் ஆகியவை பௌத்தர் தமிழுக்குத் தந்த கொடைகள். குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை. அதனை மறுக்க எழுந்த நம் நீலகேசியும், அதற்குச் சமய திவாகர வாமன முனிவர் வகுத்த உரையும், குண்டலகேசியின் கருத்துகளை இன்று நாம் அறிய உதவுகின்றன. அந்நூலைப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்தார். மறுக்கும் முன் மாற்றார் கொள்கையை எடுத்துரைக்கும் மரபு நம் முன்னோருடையது. அநேகாந்தம் கற்ற நமக்கு அது புதிதன்று.

ஆகவே அன்பர்களே, நிலத்தடியிலோ ஏரிக்கரையிலோ ஒரு திருமேனி கிடைத்தால் உற்று நோக்குங்கள். தலைமேல் முக்குடையும் ஆடையற்ற மேனியுமாயின் தீர்த்தங்கரர். தோள்மீது சீவர ஆடையின் மடிப்பும், உச்சியில் முடிப்போ தீச்சுடரோ இருப்பின் புத்தர். இதனை உங்கள் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். புத்தர் என்றால் புத்தர் என்றே கூறி, அவரையும் மதிப்புடன் காத்திடச் செய்யுங்கள். நம் திருமேனிகளைப் பிறர் அவ்வாறே அறிந்து காக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை அப்போதுதான் நமக்கு வலிமை பெறும்.

அறம் ஓங்குக!